குஞ்சுகள் எங்கே போயின? தண்டையார்பேட்டைத் தொட்டியில் கிரிபென்சிஸ் ஜோடியின் ஐந்து ஈடுகள்

2023 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரையிலான எட்டு மாதங்களில், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலுள்ள இரண்டரை அடித் தொட்டியில் ஒரே ஜோடி கிரிபென்சிஸ் மீன்கள் ஐந்து முறை முட்டையிட்டன. ஒரு முறை இட்ட முட்டைகளும் அவற்றின் குஞ்சுகளும் சேர்ந்தது ஓர் ஈடு. மூன்று ஈடுகள் முற்றாக அழிந்தன. ஒன்றை நான் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்துப் பிழைக்க வைத்தேன். அதனால் தாய்மீன் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டது. ஐந்தாவது ஈடு மட்டுமே பெற்றோரின் காவலிலேயே வளர்ந்து, ஐம்பத்தேழு குஞ்சுகளாக நிலைத்தது. ஒவ்வொரு இழப்பின் போதும் என்னிடம் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றே: "அதுங்களே தின்னுடும்." அனுபவமில்லாத இளம் ஜோடிகள் தம் முட்டையைத் தின்பது உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தொட்டியில் நேர்ந்த இழப்பு ஒன்றுக்குக்கூட அது காரணமில்லை. உண்மையான காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்த விதத்தை, அப்போது எழுதி வைத்த குறிப்பேட்டின் துணையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

மீனும் தொட்டியும்

கிரிபென்சிஸ் என்று கடைகளில் விற்கப்படும் மீனின் அறிவியல் பெயர் பெல்விகாக்ரோமிஸ் புல்ச்சர். தெற்கு நைஜீரியாவிலும் காமரூனின் கரையோரப் பகுதியிலும் ஓடைகளில் வாழும் இம்மீனை 1901இல் ஜார்ஜ் ஆல்பர்ட் பௌலெஞ்சர் விவரித்துப் பெயரிட்டார். புல்ச்சர் என்றால் இலத்தீனில் அழகானது என்று பொருள். வணிகத்தில் நிலைத்துவிட்ட கிரிபென்சிஸ் என்ற பெயரோ காமரூனின் கிரிபி என்ற ஊரிலிருந்து வந்தது. ஆண் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் வரை வளரும். அதன் முதுகுத் துடுப்பின் பின்முனை கூர்மையாக நீண்டிருக்கும். பெண் அதைவிடச் சிறியது, உருண்டையானது. முட்டையிடும் பருவத்தில் பெண்ணின் வயிறு நாவற்பழமும் செம்பருத்தியும் கலந்தாற்போன்ற நிறத்துக்கு மாறும். இணையைத் தேர்ந்தெடுப்பதில் முந்திக்கொள்வது பெரும்பாலும் பெண்தான். அது உடலை வில்லாக வளைத்து, வயிற்றின் நிறம் ஆணின் கண்ணில் படும்படி, நடுங்கிக்கொண்டே அதன் எதிரில் நிற்கும்.

2023 மே மாதத்தில் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து ஆறு இளம் மீன்களை வாங்கினேன். கலர் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு கடைகளும், மாடிக்கு மாடி சிமெண்ட் தொட்டிகளுமாக, ஓர் ஊரே இத்தொழிலைக் கற்று வைத்திருக்கிறது. ஜோடியாக விற்பதைத் தவிர்த்து ஆறாக வாங்கியதற்குக் காரணம் இருந்தது. கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கும் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. ஆறு குட்டிகள் சேர்ந்து வளர்ந்தால் இணையை அவையே தேடிக்கொள்ளும். ஜூலை இறுதியில் ஒரு ஜோடி தொட்டியின் இடது மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் துரத்தத் தொடங்கியது. அந்த நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றினேன்.

தொட்டியில் ஏறத்தாழ 75 லிட்டர் தண்ணீர் நின்றது. தரையில் மெல்லிய ஆற்று மணல், உள்ளே பொருத்தும் பவர் ஃபில்டர் ஒன்று, இரண்டு குகைகள், கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பதற்காக சக்கர் என்றும் சொல்லப்படும் ஐந்து அங்குல டேங்க் கிளீனர் மீன் ஒன்று. கொசப்பேட்டையில் வாங்கிய சிறிய மண்சட்டியைக் கவிழ்த்து விளிம்பில் வாயில் உடைத்தது ஒரு குகை. நார் முழுவதையும் சுரண்டி, மூன்று முறை கொதிக்க வைத்துச் சாயத்தை இறக்கிய கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஓரத்தில் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வாயில் அறுத்தது இன்னொன்று. பெண்மீன் இரண்டையும் பார்வையிட்டுவிட்டுக் கொட்டாங்குச்சியைத் தேர்ந்தெடுத்தது. சட்டியின் வாயில் ஆறு சென்டிமீட்டர் அகலம். அதில் பெண்ணும் நுழையலாம், அதைவிடப் பெரிய மீனும் நுழையலாம். கொட்டாங்குச்சியின் வாயில் பெண் நுழைவதற்கு மட்டுமே போதுமானது. ஆண் நெருக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்த வாயிலையும் பெண்மீன் விட்டுவைக்கவில்லை. வாய் வாயாக மணலை அள்ளி வந்து வெளியே குவித்து, நுழைவை இன்னும் குறுக்கிக்கொண்டது. குகையில் முட்டையிடும் மீனுக்கு இரண்டு பக்கமும் திறந்த குழாயை வைத்துக் கொடுப்பவர்கள் இந்த ஒரு செயலைப் பார்த்தால் போதும். காக்க வேண்டிய வாசல் ஒன்றாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும் என்பதை மீனே செய்து காட்டிவிடுகிறது.

முதல் ஈடு: மூன்றாம் இரவு

2023 ஆகஸ்ட் 9 அன்று காலையில் பெண் குகையைவிட்டு வெளியே வரவில்லை. ஆண் வாயிலுக்கு ஒரு சாண் தொலைவில் நின்று, கண்ணாடிக்கு வெளியே என் விரல் அசைந்தால்கூடப் பாய்ந்து வந்தது. இவ்வினத்தில் வேலைப் பங்கீடு தெளிவாக இருக்கும். முட்டைகள் குகையின் கூரையில் தலைகீழாக ஒட்டித் தொங்கும். பெண் உள்ளேயிருந்து துடுப்பால் விசிறி, கெட்டுப்போன முட்டைகளைப் பொறுக்கியெடுக்கும். ஆண் வெளி எல்லையைக் காக்கும். இருபத்தேழு பாகைச் சூட்டில் முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். பொரிந்தவை உடனே நீந்துவதில்லை. மஞ்சள்கரு அடங்கிய பையோடு தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருக்கும். முட்டையிட்ட ஏழெட்டு நாளில்தான் நீந்தத் தொடங்கும்.

நான்காம் நாள் காலையில் பெண் வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்த்தேன். கூரை துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. ஜோடியே தின்றுவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினேன். பார்க்காத ஒன்றை உறுதியாக எழுதிய அந்த வரியைப் பிறகு அடித்தேன்.

அந்த வாரம் கொளத்தூருக்குப் போனபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வலையை அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி என்ன நடக்குதுன்னு பாத்தியா தம்பி?" நான் பார்க்கவில்லை.

இரண்டாம் ஈடு: சக்கரும் ஃபில்டரும்

செப்டம்பர் 2 அன்று அடுத்த ஈடு வந்தது. கைப்பேசி விளக்கின் மேல் சிவப்பு ஜிகினாத்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி, அந்த மங்கிய வெளிச்சத்தில் இரண்டாம் இரவு தொட்டியின் முன் உட்கார்ந்தேன். பதினொன்றரை மணி இருக்கும். பகல் முழுவதும் ஃபில்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த டேங்க் கிளீனர், கண்ணாடியிலிருந்து விடுபட்டு மணலில் இறங்கி, கொட்டாங்குச்சியை நோக்கி நேராக ஊர்ந்தது. ஆண்மீன் அதன் பக்கவாட்டில் இடித்தது. பகலில் அந்த ஓர் இடிக்கே விலகிப்போகும் டேங்க் கிளீனர், இருட்டில் அசையவே இல்லை. அதன் உடல் முழுவதும் எலும்புத் தகடுகள். கிரிபென்சிஸின் பற்கள் அதில் பதியாது. கிரிபென்சிஸ் கண்ணால் காவல் காக்கும் மீன். இருட்டில் அதன் காவல் பாதியாகிவிடும். டேங்க் கிளீனரோ மோப்பத்தாலும் தொடுவுணர்வாலும் இரவில் இரை தேடும் மீன். வாயிலில் தலையை நுழைத்து அது குவியலை இடித்துத் தள்ளிய நொடியில், பெண்மீன் உள்ளேயிருந்து அதன் முகத்தில் மோதிக்கொண்டே இருந்தது. நான் கையைவிட்டு டேங்க் கிளீனரைப் பிடித்து எடுத்து வாளியில் போட்டேன். முதல் ஈட்டைத் தின்றது யார் என்ற கேள்விக்கு அத்துடன் விடை கிடைத்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர மனமில்லை. தொட்டிக்குப் பெரிதாகிப்போன டேங்க் கிளீனரை ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விட்டுவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுவும் கரையில் வளை தோண்டி, அதற்குள் முட்டையிட்டு, ஆண் காவலிருந்து குஞ்சு பொரிக்கும் இனம்தான். அதனால்தான் அதன் பெருக்கத்தைத் தடுப்பது கடினமாக இருக்கிறது. என்னுடையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

முட்டைகள் பொரிந்தன. செப்டம்பர் 10 அன்று காலை, பெண்மீன் குகையிலிருந்து வெளிவர, அதன் வயிற்றுக்கடியில் அரிசி நொய்யை நீரில் தூவியதுபோல ஒரு கூட்டம் அசைந்து வந்தது. அறுபதுக்கு மேல் எண்ணினேன். அன்று நான் கண்ட ஒன்றை விரிவாக எழுத வேண்டும். வாசலில் அம்மா காய்கறிப் பையை வைத்த நிழல் தொட்டியில் விழுந்தது. பெண் தன் வயிற்றுத் துடுப்பிரண்டையும் ஒருமுறை வெட்டென்று விரித்து மூடியது. அவ்வளவுதான், அறுபது குஞ்சுகளும் அந்தக் கணமே மணலில் இறங்கி, கல்லோடு கல்லாக அசைவற்றுக் கிடந்தன. நிழல் விலகியதும் பெண் மெல்ல முன்னகர்ந்து உடலை அசைத்தது. கூட்டம் மீண்டும் எழுந்தது. முட்டையாக இடப்பட்டு எட்டு நாளே ஆன உயிர்களுக்கும் தாய்க்கும் இடையே இத்தனை தெளிவான பேச்சு இருப்பதைப் பார்த்த பிறகு, இவற்றைப் பிரித்து வளர்ப்பதே சிறந்தது என்ற அறிவுரையை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

ஆனால் 12ஆம் தேதி இருபது குஞ்சுகளே இருந்தன. 14ஆம் தேதி காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார். "பசங்க ஒண்ணையும் காணோம்டா" என்றார். பெண்மீன் வெறுங்குகையைச் சுற்றிச் சுற்றி வந்து வயிற்றுத் துடுப்பை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. பவர் ஃபில்டரை நிறுத்திக் கழற்றி, உள்ளிருந்த பஞ்சை வெள்ளைத் தட்டில் பிழிந்தேன். பழுப்பு நீரில் மயிரிழை அளவு வெள்ளைக் கோடுகள், ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகள் கண்கள் என்பது புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

ஃபில்டரின் இழுவை பகலிலும் இருந்தது. அப்படியிருக்க இழப்பு இரவில் மட்டும் ஏன் நேர்ந்தது? நான் இரவு பத்து மணிக்கு விளக்கை ஒரே சொடுக்கில் அணைத்து வந்தேன். காட்டில் அந்தி மெல்லத்தான் சாயும். ஒளி குறையும்போதே தாயும் தந்தையும் சிதறிய குஞ்சுகளை வாயால் பொறுக்கி, குழிக்குள்ளோ குகைக்குள்ளோ துப்பிச் சேர்த்துவிடும். திடீரென்று இருண்ட தொட்டியில் குஞ்சுகள் நின்ற இடத்திலேயே தொடர்பறுந்து, ஓட்டத்தோடு மிதந்து, ஃபில்டரின் வாயில் போய்ச் சேர்ந்தன. டேங்க் கிளீனரை நீக்கியதும் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்த எனக்கு, இருட்டு என்ற மூல காரணம் அப்படியே இருந்தது அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் ஈடு: பிரித்தெடுத்ததன் விலை

இரண்டு இழப்புக்குப் பிறகு பொறுமை குறைந்திருந்தது. அக்டோபர் 8 அன்று முட்டையிட்டதும், அடுத்த நாள் கொட்டாங்குச்சியை அப்படியே தண்ணீரோடு மூழ்கடித்து மூன்று லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். கூரையில் நூறு முட்டைகளுக்கு மேல் இருந்தன. கடுகைவிடச் சற்று நீண்டவை, தேன் கலந்த பழுப்பு நிறம். தாயின் துடுப்புக்குப் பதிலாக ஏர் மோட்டாரின் குமிழிகள் முட்டைகளின் மேல் படாமல் அருகே எழும்படி கல்லை வைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் ப்ளூவை இளநீலமாகும் வரை சொட்டினேன். ஏறத்தாழ கால்வாசி முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன; அவற்றை ஊசியால் எடுத்தேன். மற்றவை பொரிந்தன. முதல் மாதத்தில் இன்னும் பல இறந்து, முப்பத்து நான்கு குஞ்சுகள் வளர்ந்தன.

இதை வெற்றி என்று சொல்லியிருப்பேன், பெரிய தொட்டியைப் பார்க்காமல் இருந்திருந்தால். முட்டை போன மறுநாள் ஆண்மீன் பெண்ணைத் தாக்கத் தொடங்கியது. அதுவரை அதன் வேலை வாசலில் வருவோரை விரட்டுவது. காக்க ஒன்றுமில்லாத இடத்தில், அந்த மூர்க்கம் முழுவதும் அருகில் இருந்த ஒரே மீன் மீது இறங்கியது. மூன்றாம் நாள் பெண்ணின் வால் துடுப்பு பாதி கிழிந்து, பக்கவாட்டில் செதில் உரிந்து, நீர்மட்டத்துக்கு அருகே மூலையில் சாய்ந்து நின்றது. இடையில் கண்ணாடித் தடுப்பு வைத்து, நவம்பர் முதல் வாரம் வரை பிரித்து வைத்தேன்.

முட்டையைப் பிரித்தெடுப்பதே தவறு என்று நான் பொதுவாகச் சொல்லவில்லை. குகையில் முட்டையிடும் இன்னொரு பிரபலமான மீனான பிரிசில்நோஸில் தந்தை மட்டுமே குகைக்குள் இருந்து ஆரஞ்சு நிறப் பெரிய முட்டைகளை விசிறிக் காக்கும். பெண் முட்டையிட்டதும் போய்விடும். அங்கே முட்டையை எடுத்தால் குலைவதற்கு ஒரு ஜோடி இல்லை. கிரிபென்சிஸ் அப்படியல்ல. அதன் முட்டையைக் காப்பாற்றும் முறை ஜோடியைக் குலைக்குமானால், அடுத்த ஈட்டை நாமே தடுத்துக்கொள்கிறோம்.

நான்காம் ஈடு: புயலும் என் வாளியும்

தடுப்பை எடுத்த பிறகு இரண்டும் மீண்டும் இணங்கி, நவம்பர் 28 அன்று முட்டையிட்டன. பவர் ஃபில்டருக்குப் பதிலாகப் பழைய தொட்டியில் ஊறிக்கிடந்த, குஞ்சுகளை உள்ளே இழுக்காத ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாற்றியிருந்தேன். முட்டைகள் பொரிந்தன. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. எங்கள் தெருவில் 4ஆம் தேதி விடியற்காலையில் போன மின்சாரம் 6ஆம் தேதி மாலையில்தான் வந்தது. ஏர் மோட்டார் நின்ற தொட்டியில், நானும் அம்மாவும் முறை வைத்து மணிக்கொரு தடவை சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். மேற்பரப்பு கலங்கினால்தான் காற்று கரையும். உணவு போடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் குஞ்சுகளின் வளர்ச்சி மெதுவானது; குழியில் கிடந்து துடித்துக்கொண்டிருந்த அவற்றைப் பெண்மீன் இரண்டு நாளும் இடைவிடாமல் விசிறியது. 6ஆம் தேதி மாலையில் அவை உயிரோடு இருந்தன.

அவற்றைக் கொன்றது புயல் அல்ல, நான். தண்ணீர் லேசாக நாற்றமடிப்பதைக் கண்டு, அன்று காலை பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். வெள்ளம் வடிந்த நாட்களில் நோய் பரவாமலிருக்கக் குடிநீரில் குளோரின் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். அது மனிதருக்குத் தேவையான பாதுகாப்பு. வாளியில் வாடை அடித்ததை நான் உணர்ந்தேன். ஆன்டி குளோரின் புட்டி காலியாக இருந்ததையும் அறிவேன். வழக்கமாக ஒரு நாள் முழுவதும் காற்றோட்டம் கொடுத்து வைத்த பிறகே ஊற்றுவேன், அன்று அவசரம். இரண்டு மணி நேரத்தில் பெற்றோர் இரண்டும் மேற்பரப்பில் வாய் பிளந்தன. செவுள்களைக் குளோரின் எரிக்கும்போது மீன் அப்படித்தான் மூச்சு வாங்கும். இரவு பத்து மணிக்குக் குழியில் ஒரு துடிப்பும் இல்லை. பெற்றோரை வேறு தொட்டியின் பழைய தண்ணீருக்கு மாற்றியதால் அவை பிழைத்தன. அன்றிலிருந்து குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகங்கள் ஒரு டப்பாவும், பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்றும் தொட்டியின் அடியிலேயே இருக்கின்றன.

தண்ணீரும் பாலும்

இதற்குள் மூன்றாம் ஈட்டுக் குஞ்சுகள் நான்கு மாதத்தை நெருங்கி, ஆண் பெண் தெரியத் தொடங்கின. முப்பத்து நான்கில் இருபத்தேழு பெண், ஏழே ஆண். கிரிபென்சிஸ் மீனில் குஞ்சின் பால், பிறப்பில் மட்டுமே முடிவாவதில்லை. முட்டையிலிருந்து ஏறத்தாழ முதல் மாதம் வரை அது வளரும் நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, அதைப் பாதிக்கிறது. அமிலப்பாங்கான நீரில் ஆண்கள் கூடும். நடுநிலையிலும் காரப்பாங்கிலும் பெண்கள் கூடும். என் தொட்டியில் பிஎச் 7.9 ஆக இருந்தது. ஜோடியாகக் கேட்கும் கடைக்காரரிடம் இருபத்தேழு பெண்களைக் கொண்டுபோய் நிற்பது வளர்ப்பவருக்குப் பொருள் இழப்பு; அதைவிட, இணையற்ற மீன்களைப் பெருக்குவதில் பொருளே இல்லை.

வடசென்னையில் தண்ணீரைப் பற்றிப் பொதுவாக எதையும் சொல்லிவிட முடியாது. கடலோரம் என்பதால் எங்கள் போர் தண்ணீர் உப்பு; கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 1,900ஐத் தொட்டது. புழல் ஏரித் தண்ணீர் ஒரு தன்மை. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் தண்ணீர் வேறொரு தன்மை. எந்தத் தெருவுக்கு எது, எந்த மாதத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து மீட்டரின் எண் மாறும். ஆகவே அடுத்த தெருவில் ஒருவர் சொல்லும் அளவை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அளந்தே ஊற்ற வேண்டும்.

2024 ஜனவரி இறுதியிலிருந்து, குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர் ஒரு பங்குக்கு வீட்டு ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, சிறிது சிறிதாகப் பத்து நாட்களில் மாற்றினேன். தெருமுனைப் பாதாம் மரத்திலிருந்து தானாக விழுந்து காய்ந்த இலைகள் மூன்றைக் கழுவிப் போட்டேன். தண்ணீர் வெளிறிய தேநீர் நிறமாகி, பிஎச் 6.7க்கு இறங்கி நின்றது. ஆறுக்குக் கீழே இறக்க நான் விரும்பவில்லை. கழிவை உடைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே மந்தமாகிவிடும். இன்னொரு நன்மையும் இதில் இருந்தது. சென்னையின் சூட்டில், காரப்பாங்கான நீரில் அம்மோனியா கடும் நஞ்சாகும். ஏழுக்குக் கீழே அதன் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். நாளுக்கு நான்கு வேளை உணவு விழும் குஞ்சுத் தொட்டியில் இந்த வேறுபாடு உயிர் காக்கும்.

ஐந்தாம் ஈடு

2024 பிப்ரவரி 11 அன்று முட்டையிட்டன. தொட்டியில் வேறு மீன் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டுமே. முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பழைய செய்தித்தாளை ஒட்டி, வீட்டில் நடமாட்டம் தெரியாமல் மறைத்தேன். இரவு ஒன்பது மணிக்குத் தொட்டி விளக்கை அணைக்கும் முன்பே அறையில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும். அது விடியும் வரை எரிந்தது. கொட்டாங்குச்சியை ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் கடினமானது இதுதான்.

19ஆம் தேதி குஞ்சுகள் வெளிவந்தன. அன்று இரவு, பெரிய விளக்கு அணைந்து பல்பு மட்டும் எரிந்தபோது, முந்தைய ஈட்டில் நான் பார்க்கத் தவறிய காட்சியைப் பார்த்தேன். ஆண்மீன் தொட்டியின் வலக்கோடி வரை போய், பின்தங்கிய குஞ்சுகளை ஒவ்வொன்றாகவும் இரண்டிரண்டாகவும் வாயில் கவ்வி வந்து, குகை வாசலில் துப்பியது. துப்பிய குஞ்சு மீண்டும் வெளியே நழுவினால், மறுபடி கவ்வி உள்ளே தள்ளியது. இருபது நிமிடத்தில் வெளியே ஒரு குஞ்சும் இல்லை. பகல் வெளிச்சத்தில், காரணம் தெரியாத ஒருவர் இதே செயலைப் பார்த்தால், மீன் குஞ்சைத் தின்கிறது என்றுதான் சத்தியம் செய்வார்.

உணவு ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரியின் குஞ்சுகள். குளிர்பானப் புட்டியைக் கவிழ்த்து, லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்து, அதில் ஆர்ட்டீமியா முட்டைகளைப் போட்டு, அடியிலிருந்து காற்று கொடுத்தால், நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் பொரிந்துவிடும், ஹீட்டர் தேவையில்லை. காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் உயிருள்ளவை ஒளியை நோக்கிக் கூடும், ஓடுகள் மேலே மிதக்கும். ஓடு குஞ்சின் குடலை அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பிரிப்பில் அசட்டை கூடாது. பழைய வேட்டித் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, இங்க் ஃபில்லரால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே மெதுவாக விட்டேன். பொரிந்த சில மணி நேரத்திலேயே ஆர்ட்டீமியா தன் கருச்சத்தைச் செலவழித்துவிடும். ஆகவே காலையில் ஒரு புட்டி, மாலையில் ஒரு புட்டி என்று மாற்றி மாற்றி வைத்தேன். குஞ்சுகளின் வயிறு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தின்றுவிட்டது என்று பொருள். கழிவை ஏர் குழாயால் உறிஞ்சி, அதே தன்மையுள்ள தண்ணீரை நாளும் பத்தில் ஒரு பங்கு சொட்டுச்சொட்டாகச் சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் புகைப்படம் எடுத்து எண்ணியபோது அறுபத்து மூன்று. நான்கு வாரத்தில் ஐம்பத்தேழு. மார்ச் நடுவில் பெண்ணின் வயிறு மீண்டும் சிவந்தது; ஆண் குஞ்சுகளை லேசாக விரட்டத் தொடங்கியது. அடுத்த ஈட்டுக்கு இடம் வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். மூன்றாம் ஈட்டின் பாடம் நினைவில் இருந்ததால், எல்லாக் குஞ்சுகளையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. முதலில் இருபத்தைந்து, நான்கு நாள் கழித்து இருபது, கடைசிப் பன்னிரண்டை மேலும் ஆறு நாள் கழித்து மாற்றினேன். ஆண்மீன் பெண்ணை ஒருமுறையும் தாக்கவில்லை.

ஜூன் மாதத்தில் பால் தெரிந்தபோது ஐம்பத்தேழில் முப்பத்தொன்று பெண், இருபத்தாறு ஆண். ஒரு ஈட்டை மட்டும் வைத்து இது பிஎச்சின் விளைவுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பின்வரும் ஈடுகளையும் அதே நீரில் வளர்த்து எண்ணி வருகிறேன். ஆறாவது ஈட்டை அவை, கடைசிக் குஞ்சுகளை எடுத்த எட்டாம் நாள், அதே கொட்டாங்குச்சியில் இட்டன.